தூளியில் கிடக்கிற குழந்தைக்குக் காதில் ரத்தம் கட்டுமா?

கேள்வி: தாலுகா அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஒன்பது நாளுக்கு முன்பு நைட் ட்யூட்டியில் 4 மாதப் பெண் குழந்தை ஒன்றைத் தூக்கி வந்தார்கள். இரண்டு நாளாக வாந்தி, பால் குடிக்கவில்லை என்றார்கள். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இல்லை. சட்டையைக் கழற்றும்போது பார்த்தேன், இடது காது மடலிலும் காதுக்குப் பின்னாலும் நீலமாக ரத்தம் கட்டியிருந்தது. "மூணு வயசு அண்ணன் பொம்மையால அடிச்சுட்டான்" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "தூளிக் கம்பு இடிச்சிருக்கும்" என்றார் பாட்டி. ட்யூட்டி டாக்டரிடம் சொன்னேன். "குடும்ப விஷயம் சிஸ்டர். போலீஸ் கேஸ்னு ஆனா நாமதான் கோர்ட்டுக்கு அலையணும்" என்று சொல்லி, வாந்திக்குச் சொட்டு மருந்து எழுதி அனுப்பிவிட்டார். அந்தக் காது கண்ணை விட்டுப் போகவில்லை. நான் வீணாகச் சந்தேகப்படுகிறேனா? இப்போதும் ஏதாவது செய்ய முடியுமா? இன்னொரு குழந்தை இப்படி வந்தால் என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத செவிலியர்

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்தக் குழந்தையைப் பார்ப்போம். உங்கள் மற்ற கேள்விகள் ஒரு மணி நேரம் காத்திருக்கலாம், அவளால் முடியாது.

4 மாதக் குழந்தை, காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் இல்லாத வாந்தி, பால் குடிக்காமை, காதில் ரத்தக்கட்டு. இவை நான்கும் சேர்ந்தால் முதலில் நினைக்க வேண்டியது மண்டைக்குள் ரத்தக் கசிவு. குழந்தையைப் பிடித்துக் குலுக்கினாலோ தலையில் அடிபட்டாலோ இப்படி வரும். யாரும் கை வைக்காமலும் வரலாம். பிறந்ததும் வைட்டமின் கே ஊசி போடாத, தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு 6 மாதம் வரைகூடத் திடீரென மூளையில் ரத்தம் கசியும். ரத்தத்தில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்தாலும் ரத்தக்கட்டு வரும். காரணம் அடியோ நோயோ, இரண்டுக்கும் அந்தக் குழந்தை மருத்துவமனையில் இருந்தாக வேண்டும். "தப்பாச் சந்தேகப்பட்டுட்டேனோ" என்ற பயம் உங்களைத் தடுக்கும் போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே இன்றே ஓ.பி. பதிவேட்டிலிருந்து முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எடுங்கள். இன்று பணியில் இருக்கும் மருத்துவரிடமோ நிலைய மருத்துவ அலுவலரான ஆர்.எம்.ஓ.விடமோ விஷயத்தைச் சொல்லி, குழந்தையை மறுபரிசோதனைக்கு அழைக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குப் பேசும்போது பொய் தேவையில்லை. "பாப்பாவுக்கு வாந்தி நின்னுச்சாம்மா? இந்த வயசுல காதுல ரத்தம் கட்டியிருந்தா சில டெஸ்ட் கட்டாயம் பாக்கணும், அன்னைக்குப் பாக்காம விட்டுப்போச்சு. இன்னைக்கே தூக்கிட்டு வாங்க" என்றால் போதும், அது முழு உண்மை. மயக்கமாக இருக்கிறாள், வலிப்பு வந்தது, உச்சிக்குழி புடைத்திருக்கிறது என்று சொன்னால் 108-ஐ அனுப்புங்கள். தொலைபேசியை எடுக்கவில்லை அல்லது வர மறுக்கிறார்கள் என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு உடனே சொல்லுங்கள். வந்துவிட்டாலும் சந்தேகத்தை மருத்துவரிடம் சொல்வதோடு நிறுத்த வேண்டாம், கடைசியில் சொல்லியிருக்கும் எழுத்துப் புகாரையும் கொடுங்கள். அந்த ஊர்க் கிராம சுகாதார செவிலியர் தடுப்பூசிக்காகப் போகிறவர்தான், அவர் குழந்தையைப் பார்த்து எடை போட்டு வரலாம். ஆனால் அவரை உளவு பார்க்க அனுப்பிவிட்டு, அவர் பதில் வரட்டும் என்று புகாரைத் தள்ளிப் போடக் கூடாது.

இனி, நீங்கள் சந்தேகப்பட்டது சரியா என்ற கேள்வி. சரிதான். 4 மாதக் குழந்தை பெரும்பாலும் இன்னும் குப்புற விழுந்திருக்காது. தவழ்வதற்கும் பிடித்து நிற்பதற்கும் மாதக்கணக்கில் இருக்கிறது. போட்ட இடத்தில் கிடக்கிற குழந்தை தானாகப் போய் எதிலும் இடித்துக்கொள்ளாது. நடக்கிற குழந்தை விழுந்தால் நெற்றி, முழங்கால், முழங்கை என்று எலும்பு முட்டும் இடங்களில் அடிபடும். காது அப்படிப்பட்ட இடமல்ல. விழும்போது தோளும் மண்டையும் அதைக் காப்பாற்றிவிடும். நோய் இல்லாமல் காதில் ரத்தம் கட்ட வேண்டுமானால் யாராவது அறைந்திருக்க வேண்டும், திருகியிருக்க வேண்டும், அல்லது நேராக ஏதாவது பலமாகப் பட்டிருக்க வேண்டும். மூன்று வயது அண்ணன் பொம்மையால் அடிக்க மாட்டான் என்று நான் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் இரண்டு காரணம் சொன்னார்கள், இரண்டில் எதையும் நேரில் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. நீங்கள் கவனித்தது இதைத்தான்.

அவசரப் பிரிவுகளுக்கென்றே ஒரு விதி இருக்கிறது, டென்-4-ஃபேஸஸ்-பி (TEN-4-FACESp) என்பார்கள். பார்க்க வேண்டிய இடங்களின் ஆங்கில முதலெழுத்துகளால் வந்த பெயர் அது. 4 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நெஞ்சு, வயிறு, முதுகு, பிட்டம், பிறப்புறுப்புப் பகுதி, காது, கழுத்து ஆகிய இடங்களில் ரத்தக்கட்டு இருந்தால் நின்று பார்க்க வேண்டும். தாடை மூலை, கன்னச் சதை, கண் இமை, உதட்டை ஈறோடு சேர்க்கும் சவ்வு, வெள்ளைவிழியில் ரத்தம், விரலோ பெல்ட்டோ வளையமோ அச்சுப் பதிந்தது போன்ற தடம் ஆகியவையும் இதில் சேரும். 5 மாதம் முடியாத குழந்தையாக இருந்தால் ரத்தக்கட்டு உடம்பில் எங்கே இருந்தாலும் இந்த விதி பொருந்தும். 2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வன்முறைக்கு உள்ளான குழந்தைகளில் 95 சதவீதம் பேரை இந்த விதி பிடித்துவிட்டது. தற்செயலாக அடிபட்டவர்களில் 87 சதவீதம் பேரைச் சரியாக விலக்கியது. நீங்கள் பார்த்த குழந்தை காதாலும் வயதாலும், இரண்டு வழியிலும் இதற்குள் வருகிறாள்.

"சின்ன ரத்தக்கட்டுதானே" என்று விடுவதில் உள்ள ஆபத்தைக் காட்டும் இன்னோர் ஆய்வு 2013-இல் அங்கேயே வந்தது. வன்முறை உறுதியான 200 கைக்குழந்தைகளில் 27.5 சதவீதம் பேருக்கு, பெரிய அடி விழுவதற்கு முன்பே இப்படி ஒரு சின்னக் காயம் இருந்திருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை ரத்தக்கட்டுகள். வன்முறைக்கு உள்ளாகாத 101 குழந்தைகளில் ஒருவருக்குக்கூட அப்படிக் காயம் இருந்ததில்லை. இந்தச் சின்னக் காயத்தோடுதான் குழந்தை முதலில் உங்கள் மேசைக்கு வருகிறது.

ஏமாற்றும் தோற்றங்களும் உண்டு. நம் குழந்தைகள் பலருக்குப் பிட்டத்திலும் இடுப்புக்குக் கீழும் பிறவியிலேயே சாம்பல் நீலப் படை இருக்கும். அழுத்தினால் வலிக்காது, ஒரு வாரம் கழித்துப் பார்த்தாலும் நிறம் மாறாது. சேராங்கொட்டைப் பால் பட்ட தோல் வெந்தது போலக் கொப்பளிக்கும். வலிப்புக்கும் மஞ்சள் காமாலைக்கும் வயிற்றில் சூடு போடும் பழக்கம் சில ஊர்களில் இன்னும் போகவில்லை. சூடு போட்ட பாட்டிக்குக் குழந்தை மேல் கோபம் கிடையாது, பாசம்தான். ஆனாலும் அது தீக்காயம். பதிவேட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும், குடும்பத்திடம் பேசும் தொனி மட்டும் மாறும். வெந்நீர்க் காயத்தைப் பார்க்கும்போது எல்லைக்கோட்டைப் பாருங்கள். மேலிருந்து கொட்டியது கன்னம், கழுத்து, நெஞ்சு என்று இறங்கி, கீழே போகப் போகக் குறையும், ஓரம் ஒழுங்கில்லாமல் தெறித்திருக்கும். காலையோ கையையோ பிடித்து வெந்நீரில் முக்கியிருந்தால் காலுறை போட்டது போல ஒரே மட்டத்தில் கோடு நிற்கும், தெறிப்பு இருக்காது.

நிறத்தை வைத்து "இரண்டு நாள் பழசு", "ஒரு வாரம் ஆச்சு" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ரத்தக்கட்டின் நிறத்தைக் கொண்டு வயது சொல்ல முடியாது. நீதிமன்றத்தில் உங்கள் குறிப்பு முழுவதையும் கவிழ்க்க அந்த ஒரு வரி போதும்.

எப்படி எழுதுவது? "குழந்தை வன்முறை" என்று நீங்கள் முடிவு எழுத வேண்டியதில்லை, எழுதவும் கூடாது. கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் போதும். "இரவு 11.40. 4 மாதப் பெண் குழந்தை. தாயும் பாட்டியும் தூக்கி வந்தனர். இடது காது மடலின் மேல் பாதியில் 1.5 செ.மீ. நீல நிறக் கன்றல். காதின் பின்புறம் 2 × 1 செ.மீ. அழுத்தினால் அழுகிறது. தாய் சொன்னது: ‘மூணு வயசு அண்ணன் பொம்மையால அடிச்சுட்டான்’. பாட்டி சொன்னது: ‘தூளிக் கம்பு இடிச்சிருக்கும்’. டாக்டருக்குத் தெரிவித்த நேரம் 11.55." அளவு நாடாவால் அளந்து எழுதுங்கள், ‘எலுமிச்சை அளவு’ வேண்டாம். உடல் படம் அச்சிட்ட தாள் இல்லையென்றால் வெள்ளைத்தாளில் முன்பக்கம், பின்பக்கம் வரைந்து குறியுங்கள். சொன்னதைச் சொன்ன பேச்சிலேயே மேற்கோளில் போடுங்கள், அலுவலகத் தமிழாக மாற்றாதீர்கள். தவறாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு அடித்து, கையெழுத்தும் நேரமும் போடுங்கள். வெள்ளை மை பூச வேண்டாம். உங்கள் சொந்த செல்லில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு "இது என்னவா இருக்கும்" என்று கேட்பது பெரிய தவறு. குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் போக்சோவின் 23ஆம் பிரிவும் குற்றமாக்குகின்றன.

மருத்துவரிடம் சொல்லும் விதமும் முக்கியம். "டாக்டர், இந்தக் குழந்தையப் பாத்தா சந்தேகமா இருக்கு" என்றால் "விடுங்க சிஸ்டர்" என்று அவருக்குச் சுலபமாக வாயில் வந்துவிடும். அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "டாக்டர், 4 மாசம், இன்னும் குப்புற விழல. காதுல ரத்தக்கட்டு. ரெண்டு நாளா வாந்தி, லூஸ் மோஷன் இல்ல. அம்மா ஒரு காரணம் சொல்றாங்க, பாட்டி வேற சொல்றாங்க. தலைக்கு ஸ்கேனும் பிளேட்லெட், பி.டி., ஏ.பி.டி.டி.யும் பாக்கணும்னு நெனைக்கிறேன். அட்மிட் பண்ணி ஏ.ஆர். போட்டுடலாமா?" (பி.டி.யும் ஏ.பி.டி.டி.யும் ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் சோதனைகள். ஏ.ஆர். என்பது காவல் துறைக்குத் தகவல் போகும் விபத்துப் பதிவேடு.) இப்போது அவர் மறுக்க வேண்டுமானால் மருத்துவக் காரணம் சொல்லி மறுக்க வேண்டும். அப்படியும் வேண்டாம் என்றால், அவர் சொன்னதை நேரத்தோடு நர்ஸஸ் நோட்ஸில் எழுதிவிட்டு ஆர்.எம்.ஓ.வையோ நர்சிங் சூப்பிரண்டென்ட்டையோ கூப்பிடுங்கள். இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் கிடையாது.

தாலுகா மருத்துவமனையில் ஸ்கேன் இல்லாவிட்டால் மேல்சிகிச்சைக்கு அனுப்புவீர்கள். அதிகமாகத் தவறிப்போவது இந்த இடத்தில்தான். ரெஃபரல் சீட்டில் ‘வாந்தி’ என்று மட்டும் இருக்கும், போய்ச் சேரும் இடத்தில் இன்னொரு சொட்டு மருந்தோடு அனுப்பிவிடுவார்கள். காதில் கண்டதையும் இரண்டு விதமான விவரத்தையும் சீட்டில் எழுதச் செய்து, அங்குள்ள அவசரப் பிரிவுக்குத் தொலைபேசியிலும் சொல்லுங்கள். குழந்தை போய்ச் சேர்ந்ததா என்று இரண்டு மணி நேரம் கழித்துக் கேளுங்கள். ட்யூட்டி மாறும்போது வாய்வழியாகச் சொல்லிவிட்டுப் போவதும் இதே ரகம், காலையில் வருகிறவருக்கு அது மறந்தே போகும்.

இப்போது சட்டம். பலர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டம், 2012. அதன் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என அஞ்சுபவரும் சிறப்பு சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாமல் இருந்தால் 21ஆம் பிரிவின் கீழ் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர் மீது சிவில், கிரிமினல் வழக்கு எதுவும் வராது என்று 19(7) காப்பாற்றுகிறது. பொய்யென்று தெரிந்தே, தீய நோக்கத்தோடு சொன்னால்தான் 22ஆம் பிரிவு தண்டிக்கும், சந்தேகம் கடைசியில் தவறாகிப்போனதற்கு அல்ல. விடுதிச் சிறுமிகளுக்குச் சிகிச்சை அளித்தும் புகார் செய்யாமல் இருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட மருத்துவர் மீதான மகாராஷ்டிர வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் உயிர்ப்பித்தது, தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம் என்றது. ஆகவே "கோர்ட்டுக்கு அலையணும்" என்று உங்கள் டாக்டர் பயந்தது, பாலியல் குற்றமாக இருந்தால், அப்படியே தலைகீழாகும். சொல்லாதவர்தான் குற்றம் சாட்டப்பட்டவராக அலைய வேண்டியிருக்கும்.

நீங்கள் எழுதியிருப்பது உடல் அடி. இதற்குப் போக்சோ போல எல்லாரையும் கட்டாயப்படுத்தும் தனிப் பிரிவு இல்லை. ஆனால் இளைஞர் நீதிச் சட்டம், 2015 குழந்தையைக் கொடுமைப்படுத்துவதை 75ஆம் பிரிவில் குற்றமாக்குகிறது. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோகக்கூடியவர்களை 31ஆம் பிரிவு வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில் ‘செவிலியர்’ என்ற சொல் மருத்துவரோடு ஒரே வரியில், மருத்துவருக்கு முன்பாகவே இருக்கிறது. டாக்டர் சம்மதித்தால்தான் நர்ஸ் சொல்லலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அடிபட்டதா எனச் சந்தேகம் உள்ள காயத்துக்கு ஏ.ஆர். போட்டுக் காவல் அவுட்போஸ்ட்டுக்குத் தகவல் கொடுப்பது நீங்கள் விபத்து கேஸுக்குத் தினமும் செய்கிற வேலைதான்.

"சொன்னா பிள்ளையத் தாய்கிட்ட இருந்து பிரிச்சிடுவாங்க" என்ற பயம் நல்ல மனசுள்ள செவிலியர்களைத்தான் அதிகம் கட்டிப்போடுகிறது. குழந்தைகள் நலக் குழு அப்படி எடுத்த எடுப்பில் செய்யாது. தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழு, வீட்டு நிலைமையை விசாரிக்கச் சொல்லும். பாட்டி வீட்டில் விடலாம், கண்காணிப்போடு தாயிடமே திருப்பிக் கொடுக்கலாம். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்பதே சட்டத்தின் கொள்கை. அந்தத் தாயும் அடி வாங்குகிறவராக இருக்கலாம். எடை போடும் சாக்கில் தனியே அழைத்து, "வீட்டுல உங்களுக்குப் பயமா இருக்காம்மா?" என்று கேளுங்கள். ஆமென்றால் பெண்கள் உதவி எண்ணான 181-ஐயும் ஒருங்கிணைந்த சேவை மையத்தையும் சொல்லுங்கள். பிள்ளையைக் காப்பாற்றப் பல சமயம் தாயைக் காப்பாற்றுவதே வழியாக இருக்கும்.

வார்டிலேயே வைத்து "நாங்க போலீஸுக்குச் சொல்லப் போறோம்" என்று மிரட்டாதீர்கள். அடுத்த பத்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூக்கிப் போய்விடுவார்கள். முதலில் அட்மிஷன். யார் அடித்தது என்று கண்டுபிடிப்பதும் உங்கள் வேலை அல்ல. உறவினர் கலாட்டா செய்தால் மருத்துவப் பணியாளர் மீதான வன்முறையைத் தடுக்கும் 2008ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் செவிலியருக்கும் சேர்த்துத்தான் இயற்றப்பட்டது.

பேசத் தெரிந்த குழந்தை என்றால், சந்தேகத்துக்குரியவர் எதிரில் கேட்காதீர்கள். எக்ஸ்ரேக்கு அழைத்துப் போகும்போது, "என்ன ஆச்சு கண்ணு, சொல்லு" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். "மாமா அடிச்சாரா?" என்று பெயரை எடுத்துக் கொடுத்தால் அந்தப் பதில் பிறகு எதற்கும் உதவாது. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. ஒருமுறை சொன்னதே போதும். நீங்கள், டாக்டர், போலீஸ் என ஆளாளுக்குத் திரும்பத் திரும்பக் கேட்பதும் ஒரு கொடுமை.

பாலியல் வன்முறைச் சந்தேகத்தில் எஃப்.ஐ.ஆர். இல்லை, போலீஸ் கடிதம் இல்லை என்று சிகிச்சையை நிறுத்தக் கூடாது. போக்சோ விதிகள், 2020 அதைத் தெளிவாகத் தடுக்கின்றன. பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், குழந்தை நம்புகிற ஒருவர் கூட இருக்க வேண்டும். குளிப்பாட்டாமல், உடை மாற்றாமல் வையுங்கள். வாய்வழி வன்முறை என்றால் ஸ்வாப் எடுக்கும்வரை குடிக்கக் கொடுக்க வேண்டாம். தடயம் 96 மணி நேரம் வரை எடுக்கலாம். துணிகளை நிழலில் உலர்த்திக் காகித உறையில் போடுங்கள், பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வாக்குமூலம் வாங்க வரும் போலீஸ்காரர் சீருடையில் வரக் கூடாது. வந்தால் நீங்களே நினைவுபடுத்தலாம்.

சம்மன் வந்தால்? நீங்கள் பார்த்ததையும் கேட்டதையும் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள். வருடம் கழித்து நினைவிருக்குமா என்ற கவலை வேண்டாம், அன்றைக்கே எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவுபடுத்திக்கொண்டு சொல்ல அனுமதி உண்டு. 1.5 செ.மீ. என்று அளந்து எழுதச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒருமுறை சொல்லி, பிறகு என்ன ஆனது என்றே தெரியாமல் போனவர்கள்தான் அடுத்த முறை வாய் திறக்கத் தயங்குகிறார்கள். அந்தத் தகவல் தானாக உங்களைத் தேடி வராது, நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். போக்சோ புகாரை எழுத்தில் பதிந்து எண் கொடுக்க வேண்டியது காவல் துறையின் கடமை. 1098-க்குப் பேசினாலும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் கொடுத்து அந்த எண்ணை வாங்குங்கள். உடல் அடி என்றால் ஏ.ஆர். எண்ணோடு, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். குழந்தையின் வயது, முகவரி, கண்ட காயம், சொன்ன காரணங்கள், வந்த நாளும் நேரமும், உங்கள் பெயரும் பதவியும் அதில் இருக்கட்டும். நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து, வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் மறுநாளும் கேளுங்கள்.